பன்றிக்குக் கொம்பு முளைத்த வம்சம்

மெட்டே போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மெட்டே எங்கள் நூதனசாலையில், அதுதான் மியூசியத்தில், புதிய வழிகாட்டி. என் மகளைவிட வயதில் சின்னவள், கெட்டிக்காரி, ஆனால் எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். "யோகா, அந்தக் கல்லறையைப் பற்றிச் சொல்லும்போது நாங்கள் எல்லோரும் ஏன் இடது பக்கத்தில் நிற்கிறோம்? கதவிடுக்கால் காற்று வந்து கால் விறைக்கிறது. வலது பக்கத்தில் ஹீற்றர் இருக்கிறதே?"

கேள்வி நியாயமானது. இனி வழிகாட்டிகளே வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. வருகிறவர்களின் காதில் ஒரு கருவியை மாட்டிவிடுவார்களாம். அது டேனிஷிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் கதை சொல்லுமாம். அந்தக் கருவிக்கு எழுதிக் கொடுக்கும் வேலை மெட்டேயுடையது. 'கல்லறைக்கு வலது பக்கம் வந்து நில்லுங்கள்' என்று எழுதலாமா என்று யோசித்தாள். எழுதினால் கையை முறிப்பேன் என்றேன். மெட்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் காரணம் கேட்டாள். அதை டேனிஷில் சொல்லப் போனால் வேலியைப் பற்றி அரை மணித்தியாலம் விளக்க வேண்டும். தமிழ் ஆட்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன், எல்லோரும் வந்த கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கின் சில்க்போர்க். மொழிப் பள்ளிக்கூடம், கோழி வெட்டும் தொழிற்சாலை, பிறகு துப்புரவு வேலை. துப்புரவுக்கு அனுப்பிய இடங்களில் ஒன்று, ஏரிக்கரையில் இருந்த ஒரு பெரிய பழைய வீடு. அதுதான் இந்த நூதனசாலை. அங்கே தரை துடைத்தபடி வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுக்கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. ஒருநாள் வழிகாட்டி ஒருவர் வராமல் விட, ஒரு கூட்டம் ஓய்வூதியக்காரர் வாசலில் நின்று புறுபுறுத்தார்கள். நான் ஏப்ரனைக் கழற்றிவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது கடைசி அறையின் கதவருகே போடில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "நோ" என்றார். டேனிஷ்காரரின் 'நோ' மறுப்பு அல்ல, கோபம், சந்தோசம், பசி எல்லாவற்றுக்கும் அதுதான். அடுத்த கிழமை என் பெயர் எழுதிய அட்டை வந்தது. யோகேஸ்வரி நீளம் என்று 'யோகா' என்று அடித்திருந்தார்கள். அன்றிலிருந்து யோகா வகுப்பு எத்தனை மணிக்கு, பாய் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு அளவில்லை.

போடில்தான் எங்கள் மேலாளர். உயரமான, எலும்பான மனுசி. வெயிலோ மழையோ றப்பர் சப்பாத்து. மத்தியானத்தில் கறுப்புப் பாணில் ஈரல் பசை பூசி ஜன்னலோரம் நின்றே சாப்பிடுவார். யாரையும் ஏசமாட்டார், யாரையும் புகழவும்மாட்டார். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், அவ்வளவுதான். அவர் பின்னால் நிற்கிறார் என்று தெரிந்தால் என் டேனிஷ் இலக்கணம் தானாகத் திருந்திவிடும்.

காலையில் கல்லைத் தூசு தட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அந்தக் கல்லறை அலபாஸ்டர் என்ற வெள்ளை மென்கல். ஈரத்துணி பட்டால் கரையும், நகம் பட்டால் கீறும். ஆட்டுமயிர்த் தூரிகையை வலது கையில் பிடித்து, முகத்திலிருந்து தொடங்கிக் கால் வரைக்கும் மேலிருந்து கீழாக மட்டும் தட்ட வேண்டும். இடது கையில் தூசு உறிஞ்சும் குழாய், அதன் வாயில் மெல்லிய வலைத்துணி, கல் சிதறல் ஏதும் உதிர்ந்தால் உள்ளே போகாமல் இருப்பதற்கு. மோதிரம், மணிக்கூடு, காப்பு எல்லாம் கழற்றிவிட வேண்டும். தாலிக்கொடியையும் கழற்று என்றார். அது கழற்றுகிற சாமான் இல்லை என்றேன். போடில் என்னையும் பார்த்தார், கொடியையும் பார்த்தார், பிறகு போய்க் கழுத்துவரை மூடிய ஒரு பருத்தி அங்கியைத் தானே தைத்துக்கொண்டு வந்தார். தையல் கோணல்மாணல். அதைப் போட்டுக்கொண்டுதான் கடைசிவரை தூசு தட்டினேன்.

கதை சொல்வதற்கும் அவரிடம் சட்டங்கள் இருந்தன. விரலால் காட்ட முடியாத எதையும் சொல்லாதே என்பது முதலாவது. 'இந்தப் பிரபு வீரமானவர்' என்று சொன்னால், வீரம் எங்கே இருக்கிறது, காட்டு என்பார். வாளைக் காட்டலாம், கவசத்தைக் காட்டலாம், வீரத்தைக் காட்ட முடியாது, ஆகவே சொல்லக்கூடாது. இரண்டாவது, ஆகப் பிந்தி நடக்கிறவரின் வேகத்தில் நட. மூன்றாவது, யாராவது பிழையான விளக்கத்தோடு வீட்டுக்குப் போனால் உன் சுற்று முடியவில்லை என்று அர்த்தம். இந்த மூன்றாவது சட்டத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. வாசலால் போன ஆளை எங்கே தேடிப் பிடிப்பது?

இனி அந்தக் குடும்பம். அந்த வீட்டைக் கட்டினவர் ஒரு ஆலைக்காரர். காசு வந்த பிறகு, பரம்பரை இல்லையே என்று ஒரு குறை அவருக்கு. இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பழைய தேவாலயத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உள்ளே கிடந்த ஹாவர்பி என்ற பிரபு குடும்பத்தின் கற்களையும் மரங்களையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஹாவர்பிகள் ஆதியில் டென்மார்க்கிலிருந்து போனவர்கள், எங்கள் ஆட்களை வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறேன் என்றாராம். ஆரோ ஒருவரின் பாட்டனைத் தூக்கிவந்து தன் விறாந்தையில் கிடத்திவிட்டு, வாற போற ஆட்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார் மனுசன்.

ஹாவர்பிகள் தங்களை ஒரு டேனிஷ் இளவரசனின் வம்சம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அப்படி ஒரு வம்சாவளியைக் கைநிறையக் கூலி வாங்கும் ஒரு எழுத்தன் வரைந்தும் கொடுத்திருந்தான். அதை எங்கள் அறையில் வைக்கப் போடில் விடவில்லை. இளவரசனை விரலால் காட்ட முடியாதே. காட்டக்கூடியது பன்றியைத்தான்.

முதல் அறையில் ஒரு சின்னக் கல். அதில் பெயர் தேய்ந்துவிட்டது, ஆனால் பன்றி தெளிவாக இருக்கிறது. கழுத்தில் மணி கட்டின, உருண்டையான, சாதுவான பன்றி. அந்தக் காலத்தில் மடத்துப் பன்றிகளுக்கு மணி கட்டுவார்களாம். புத்தகங்களின்படி குடும்பத்தின் முதல் ஆள் ஓர்ம், மடத்துப் பன்றி மேய்த்தவர். இரண்டாவது அறையில் ஒரு ஓக் மர வாங்கின் நுனி. இப்போது குடும்பத்துக்குக் காணி இருக்கிறது, தேவாலயத்தில் உட்காரச் சொந்த வாங்கு இருக்கிறது. பன்றியின் கழுத்தில் மணியைக் காணோம், வாயோரம் சின்னதாக இரண்டு கொம்பு எட்டிப் பார்க்கிறது. மூன்றாவது அறையில் அலபாஸ்டர் கல்லறை. பிரபு றொபேர்ட் கவசத்தோடு மல்லாந்து படுத்திருக்கிறார். அவர் காலடியில் அதே பன்றி, இப்போது காட்டுப்பன்றி, கண் பிதுங்கி, கொம்பு இரண்டும் வளைந்து, தங்கப்பூச்சு வேறு. பிரபுவின் இடது பக்கத்தில் அவருடைய மனைவி ஆலிஸ். அவள் காலடியில் ஒரு நாய்க்குட்டி, சட்டைக் கரையைக் கடித்து இழுக்கிறது.

மணிக்கும் கொம்புக்கும் இடையில் நடந்தது என்ன என்பதுதான் என் சுற்று. ஓர்ம் பன்றி மேய்த்து, மடத்துக்காரரின் நம்பிக்கையைப் பிடித்து, மடத்துக் காணிக்குப் பொறுப்பாளர் ஆனார். அவருடைய மகன் வில்லியம், தாய் தகப்பன் இல்லாத ஆலிஸ் என்ற பிள்ளைக்குப் பாதுகாவலர் ஆனார். பிள்ளைக்கு ஏழு வயது, பின்னால் கண்ணுக்கெட்டாத காணி. வில்லியம் அவளைத் தன் மூத்த மகன் றொபேர்ட்டுக்கே கட்டிவைத்தார். பிறகு அரசபதவிக்கு இரண்டு பேர் தங்களுக்குள் அடிபட்டபோது, றொபேர்ட் ஒரு பக்கம், தம்பி மற்றப் பக்கம் என்று பிரிந்து நின்றார்கள். எந்தப் பக்கம் வென்றாலும் குடும்பம் தோற்காது. வென்றது றொபேர்ட்டின் பக்கம். பிரபுப் பட்டம் வந்தது, தம்பியை மன்னித்து எடுத்தார்கள், பன்றிக்குத் தங்கம் பூசினார்கள். டேனிஷ்காரர் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு, நன்றி சொல்லி, கோப்பி குடிக்கப் போவார்கள். வருசக்கணக்காகச் சொன்னேன், ஒருத்தருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

அப்படியிருக்கத்தான் துளசியின் கலியாணப் பேச்சு வந்தது. துளசி என் ஒரே மகள். ஓகூஸில் படிக்கும்போது கஜன் என்ற பொடியனைக் கண்டு விரும்பிவிட்டாள். நல்ல பொடியன், தலைநகரத்துப் பக்கம் டோஸ்ட்ருப்பில் வீடு. தகப்பன் சிவபாதம் அண்ணை, முதியோர் இல்லத்தில் வேலை, கோயில் நிர்வாகத்தில் தலைவர், கதைத்தால் எண்ணிக் கதைக்கிறவர். சாதகம் பார்த்து, பொருந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவி மங்கை அக்காவும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஒழுங்கு. நான் முதல்நாளே வடைக்கு ஊறப்போட்டு, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, பாயசத்துக்கு முந்திரிகை வறுத்து வைத்துவிட்டேன். அன்றைக்கென்று மற்ற வழிகாட்டிக்குக் காய்ச்சல். ஞாயிறு நான் போயே ஆகவேண்டும்.

இவர், என் மனுசன், அதிகம் கதைக்காத ஆள், அன்றைக்கு மட்டும் ஒரு யோசனை சொன்னார். "அவையளை நேரா மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு வாறன். பூட்டுற நேரத்துக்கு ஒருக்காச் சுத்திக் காட்டு. பிறகு எல்லாரும் வீட்டை போய்ச் சாப்பிடுவம்." எனக்கும் உள்ளுக்குள் விருப்பம்தான். மியூசியத்தில் வேலை என்றால் துப்புரவுதானே என்று அவர்கள் தரப்பில் யாரோ கேட்டதாக எனக்குக் காதில் விழுந்திருந்தது. வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். போடிலிடம் கேட்டேன். தமிழில் ஒரு சுற்று நடத்தலாம், நானும் பின்னால் வருவேன் என்றார். ஒரு சொல்லும் விளங்காதே, எதற்கு என்றேன். "விரலைப் பார்ப்பேன்" என்றார்.

அதுவரை அந்தக் கதையை நான் தமிழில் சொன்னதே இல்லை. டேனிஷில் அது இரவல் உடுப்பு, அளவாகக் கிடந்தது. தமிழ் வாயில் வந்ததும் எனக்கு வேகம் பிடித்துவிட்டது.

"இதுதான் அண்ணை முதல் ஆள். மடத்துப் பண்டி மேய்ச்சவர். மெல்ல மெல்ல மடத்துக் காணி முழுக்க இவரின்ர கைக்கு வந்திட்டுது. சாமியார்மார் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டினம், இவர் பின்னால வேலியை அரக்கிக்கொண்டு நிண்டார்."

வேலி அரக்குவது என்றால் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவோடு இரவாக வேலிக்கு நட்ட கதியால் தடிகளைப் பக்கத்துக் காணிக்குள் கொஞ்சம் தள்ளி நடுவது. மங்கை அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். சிவபாதம் அண்ணை கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லாக் கவனிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் உசாராகிவிட்டேன்.

இரண்டாவது அறையில், "இஞ்ச பாருங்கோ, பண்டிக்குக் கொம்பு முளைக்கத் தொடங்கிட்டுது. ஏனெண்டால் வீட்டுக்கை ஒரு பெட்டை வந்திட்டுது. தாய் தகப்பன் இல்லாத பெட்டை, நிறையக் காணி. பாதுகாவலர் எண்டு சொல்லி எடுத்துத் தன்ர மோனுக்கே கட்டி வைச்சிட்டார்." அதோடு விட்டிருக்கலாம். என் வாய் கேட்டால்தானே. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சொன்னேன், "அந்தாளுக்கு வேண்டினது காணி. பெட்டை காணியோட சும்மா வந்தது." இவர் மட்டும் சிரித்தார், அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

மூன்றாவது அறையில் நான் வலது பக்கத்து ஹீற்றரோடு நின்று, அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் நின்ற கதையைச் சொல்லி முடித்தேன். சிவபாதம் அண்ணை கறுப்புக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"தங்கச்சி, இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது?"

"புத்தகத்தில இருக்கு அண்ணை."

"எந்தப் புத்தகத்தில எங்கட குடும்பம் இருக்கு?"

அவர் மனைவியைப் பார்த்து, "வெளிக்கிடு" என்றார். இவர் பின்னால் ஓடினார், ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோ என்று கெஞ்சினார். கை நனைக்காமல் காரில் ஏறி, வந்த வழியே டோஸ்ட்ருப்புக்குப் போய்விட்டார்கள். சம்பந்தம் பேச வந்த ஆட்கள் வீட்டு வாசலையே மிதிக்காமல் போனால் அதற்கு மேல் ஒரு அர்த்தம் தேட வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ராணி மச்சாள் ரெலிபோன் எடுத்தார். இவரின் ஒன்றுவிட்ட தங்கை. ஊர்க்கதை முழுக்க அவரிடம் இருக்கும். "உனக்கென்னடி விசரே? அந்தாளின்ர பேரன்ர கதையை அந்தாளுக்கே சாடையாச் சொல்லியிருக்கிறாய்" என்றார். பிறகு கதையைச் சொன்னார். சிவபாதம் அண்ணையின் பேரனார், தகப்பனின் தகப்பன், கோயில் காணி பார்த்தவராம். பார்த்துப் பார்த்துக் காணியே அவருடையதாகிவிட்டதாம். தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளையை வயல்காணியோடு பொறுப்பெடுத்து வளர்த்துத் தன் மகனுக்கே கட்டிவைத்தாராம். தேர்தல் வந்தால் அந்த மகன் ஒரு கட்சி, தம்பி மற்றக் கட்சியாம். சத்தியமாக எனக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் கல்லைக் காட்டிக் கதை சொன்னால், அது கல்லைப் பற்றித்தான் என்று யார் நம்புவார்?

சிவபாதம் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். "அண்ணை, அது இங்கிலாந்துக்காரற்றை கதை."

"கோயில் காணி, தாய் தகப்பன் இல்லாத பெட்டை, ரண்டு பக்கம் நிண்ட ரண்டு சகோதரம். எல்லாத்தையும் விடுங்கோ. இங்கிலாந்தில எங்கையம்மா வேலி அரக்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வேலி நான் போட்ட வேலிதான்.

துளசி ஓகூஸிலிருந்து வந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. "அம்மா, ஊர் முழுக்கச் சொன்ன கதையை ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லாமல் விட்டிருக்க முடியாதா?" என்று டேனிஷில் கேட்டாள். இரண்டு பேரும் படித்த பிள்ளைகள், நகரசபையில் போய்ப் பதிந்தால் என்ன என்றேன். "தகப்பன் வராமல் கஜன் கட்டமாட்டான். அவனைத் தகப்பனிடமிருந்து பிய்த்துக்கொண்டு வந்து நானும் வாழமாட்டேன்" என்றாள். வடை அப்படியே கிடந்தது. அவளும் ஒன்று எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நான் எடுத்தால் ரெலிபோனைத் தூக்கவில்லை. என் பிள்ளையின் வாழ்க்கையை நானே என் வாயால் கெடுத்தேன் என்று அன்றைக்கு அழுத அழுகை இவருக்கு மட்டும்தான் தெரியும்.

கிழமை நடுவில் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். போடில் பின்னால் வந்து நின்றார்.

"அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர் பிழையான விளக்கத்தோடு போனாரா?"

"போனார்."

"ஒரு வசனத்தில் உன் விரல் எதையும் காட்டவில்லை. கையை இடுப்பில் வைத்திருந்தாய். அவருடைய முகம் அங்கேதான் மாறியது. என்ன சொன்னாய்?"

பெட்டை காணியோடு சும்மா வந்தது என்பதை டேனிஷில் சொன்னேன். என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். போடில் சிரிக்கவில்லை. "நோ" என்றார், பிறகு, "அப்படியானால் சுற்று இன்னும் முடியவில்லை. சனிக்கிழமை காலையில் ஆயத்தமாக இரு" என்றார். எங்கே என்று கேட்டதற்கு, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே என்றார்.

சொன்னபடியே வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற பெரிய படங்கள் காரின் பின்சீற்றில். பெரிய பாலம் தாண்டி டோஸ்ட்ருப் வரைக்கும் போடிலே காரை ஓட்டினார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்தேன். கதவைத் திறந்த சிவபாதம் அண்ணைக்கு, றப்பர் சப்பாத்தோடு நிற்கும் வெள்ளைக்காரியைக் கண்டதும் கதவைச் சாத்த மனம் வரவில்லை. போடில் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் தெரிந்தது. "நீங்கள் எங்கள் நூதனசாலையிலிருந்து பிழையான விளக்கத்தோடு வந்துவிட்டீர்கள். அது எங்கள் பிழை. மீண்டும் தொடங்குகிறேன்" என்றார்.

படங்களை சோபாவில் சாய்த்துவைத்து, முதல் கல்லிலிருந்து விரல் வைத்து, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொன்னார். ஓர்ம், பன்றி, மணி. வேலி அவருடைய சுற்றில் இல்லை. சிவபாதம் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். சுவரில் அவருடைய தாயின் படம், பூமாலை போட்டு, சின்ன மின்விளக்கு எரிந்தபடி. ஆலிஸின் படத்துக்கு வந்ததும் போடில் நின்றார். "இந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. இவளுடைய காணி இல்லாவிட்டால், நான் இவ்வளவு நேரமும் காட்டின எதுவும் இருந்திருக்காது" என்றார்.

சிவபாதம் அண்ணை டேனிஷில் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பிள்ளை சந்தோசமாக இருந்ததா?"

போடில் படத்தைப் பார்த்தார். கல் முகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது போலப் பார்த்தார். "அதை என்னால் விரலால் காட்ட முடியாது" என்றார்.

சிவபாதம் அண்ணை என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, எங்கட பேரனைக் கள்ளன் எண்டு ஊரே சொல்லும். நானும் சொல்லுவன். வேலி அரக்கினவர்தான். அதுக்கு நான் கோவிக்கேல்லை. பெட்டை சும்மா வந்தது எண்டு சொன்னியள். அவ எங்கட அம்மா."

"உங்கட அம்மா எண்டு எனக்குத் தெரியாது அண்ணை."

"எங்கட அம்மா இல்லாட்டிலும், ஆரோ ஒருத்தற்றை அம்மாதானே அவ."

நான் சுவரில் இருந்த அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவரே சொன்னார். "அம்மாவைப் பள்ளிக்கூடம் போக விடேல்லை. போனால் கையெழுத்து வைக்கப் பழகிடுவா எண்ட பயம். பிறகு தானே இருந்து எழுத்துக் கூட்டிப் பழகினவ. படம் எடுக்கேக்கை மட்டும் அவவைக் கதிரையில நடுவில இருத்துவினம்."

மங்கை அக்கா தேத்தண்ணியும் வடையும் கொண்டு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கினபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. போடில் அந்தத் தட்டையான மொறுமொறுப் பருத்தித்துறை வடையை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கலியாணத்துக்கு எனக்கு ஒரு தடையும் இல்லை" என்றார் சிவபாதம் அண்ணை. "ஆனால் ஒண்டு. இனி அந்தக் கல்லறையடியில கதை சொல்லேக்கை, அந்தாளின்ர பக்கம் நிக்காதேங்கோ. அந்தப் பிள்ளையின்ர பக்கம் நிண்டு சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். போடில் வடையை வைத்துவிட்டு யோசித்தார். "அந்தப் பக்கம் கதவு. குளிரும்" என்றார். பிறகு, "ஆனால் நிற்கத் தடை இல்லை. வெளிச்சமும் அந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கும்" என்றார். திங்கட்கிழமை தொடங்கி எல்லா வழிகாட்டிகளும் இடது பக்கம். ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் மெட்டேக்கும் தெரியாமல் போனது.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. போடிலும் வந்தார். ஐயர் மந்திரம் சொல்லும்போதெல்லாம் அவருடைய விரல் எதைக் காட்டுகிறது என்று கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போடில் இப்போது இல்லை. அந்தக் கோணல் அங்கி மட்டும் என் அலுமாரியில் இருக்கிறது, அதை நூதனசாலைக்குத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

சிவபாதம் அண்ணைக்கோ ஹாவர்பிகளில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். சுற்றை என்னிடம் விடாமல் தானே நடத்துவார். "பாருங்கோ, இதிலை மணி. இதிலை கொம்பு. எங்கட ஆக்கள் மாதிரித்தான், கெட்டிக்கார விண்ணர்கள்" என்று சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை. வேலியையும் விடாமல் சேர்த்துச் சொல்வார்.

என் கடைசி வேலைநாளுக்கும் வந்தார். இப்போது பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார், துளசி பிடித்துக்கொண்டு வந்தாள். மெட்டே புதுக் கருவியைப் பரீட்சை பார்க்க அவருடைய காதில் மாட்டிவிட்டாள். முதல் அறை, இரண்டாவது அறை எல்லாம் பேசாமல் கேட்டார். கல்லறையடியில் வந்ததும் அது என்ன சொன்னதோ, கழற்றி மெட்டேயின் கையில் கொடுத்தார். வலது பக்கம் நின்ற மெட்டேயைப் பார்த்து, "பிள்ளை, இந்தப் பக்கம் வந்து நில்" என்று டேனிஷில் சொன்னார். அவள் வந்து காற்றடிக்கிற கதவோடு நின்றாள். அவர் பொல்லை மற்றக் கைக்கு மாற்றி, கையை நீட்டி ஆலிஸைக் காட்டினார்.

"இவர் என்னுடைய அம்மா" என்றார்.

மெட்டே என்னைப் பார்த்தாள். பிழை அவருடைய டேனிஷிலா, ஞாபகத்திலா, திருத்த வேண்டுமா என்று கேட்கிற பார்வை. திருத்த வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் விரலால் காட்டித்தான் சொன்னார்.